முன்குறித்த பதிவு: தொலைக்காட்சிப் பதிவுக் கருவியை ஆளும் முறை

முன்னுரை

நூலகத்தில் உள்ள புத்தகம் நமக்காகக் காத்திருக்கும். இன்று படிக்க இயலாவிடில் நாளை படிக்கலாம். ஒளிபரப்பு அவ்வாறன்று. குறித்த நேரத்தில் வரும். குறித்த நேரத்தில் போய்விடும். அந்நேரத்தில் பெட்டியின் முன் அமர்ந்திருப்போர்க்கு மட்டுமே அது உரியது.

எங்கோ ஒரு நிலையத்தில் அமர்ந்து நிகழ்ச்சிகளுக்கு நேரம் வகுப்போர், பாஞ்சாலங்குறிச்சி வட்டாரத்து மக்களின் வேலை நேரத்தை எண்ணி வகுப்பதில்லை. தூத்துக்குடி உப்பளங்களில் பாடுபடுவோர் வெயில் ஏறுமுன் வேலை செய்ய வேண்டி விடியற்கு முன்பே வீட்டை விட்டுப் புறப்படுகின்றனர். விசைப்படகில் கடலுக்குச் செல்வோர் இருட்டோடு கிளம்பி இருட்டிய பிறகே கரை திரும்புகின்றனர். கரிசல் காட்டு வேலைக்குச் செல்வோரும், பேருந்தில் கல்லூரிக்கு வந்து போகும் நம்மில் பலரும் இந்நிலையினரே. ஒளிபரப்பின் நேரம் வேறு. உழைப்பவரின் நேரம் வேறு. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாக அமைந்ததே பதிவுக் கருவி.

நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் இன்ன அலைவரிசையில், இன்ன மணிக்கு, இன்ன நிகழ்ச்சியைப் பிடித்து வை என்று கருவிக்கு முன்கூட்டியே ஆணையிடுவதை ‘முன்குறித்த பதிவு’ எனலாம். ஆணையிடுவது எளிது. அவ்வாணை தவறாமல் நிறைவேறும்படி பார்த்துக்கொள்வதே கடினம். அதற்குரிய நெறிகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வரலாற்றுச் சுருக்கம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப் பெற்றது. அதன் ஒளிபரப்பு தென்கோடிக்கு எட்டாதிருந்த காலத்தில், 1982 பிப்ரவரியில் இலங்கையில் ரூபவாஹினி ஒளிபரப்பைத் தொடங்கியது. நம் கடற்கரை ஊர்களில் உயர்ந்த கம்பங்களில் ஆண்டெனாவைக் கட்டி, கடல் கடந்து வந்த அலைகளைப் பிடித்துப் பார்த்தனர். காற்றும் வானிலையும் இடம் கொடுத்தால்தான் படம் தெரியும். பார்க்கத் தவறியதைப் பின்னர்ப் பார்க்கும் வழி அன்று பெரும்பாலோர்க்கு இல்லை.

வழி மட்டும் உலகில் பிறந்துவிட்டிருந்தது. 1976-இல் ஜப்பானில் வி.எச்.எஸ். வகை வீடியோ நாடாக் கருவி விற்பனைக்கு வந்தது. அக்கருவியில் கடிகாரம் ஒன்றைப் பொருத்தி, நேரம் வந்ததும் தானே பதியும்படி செய்தனர். இது முறையா என்ற வழக்கு அமெரிக்காவில் எழுந்தது. திரைப்பட நிறுவனங்கள் சோனி நிறுவனத்தின்மீது தொடுத்த அவ்வழக்கில், பின்னர்ப் பார்ப்பதற்காக வீட்டில் ஒரு நிகழ்ச்சியைப் பதிந்து வைப்பது குற்றமாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1984 ஜனவரியில் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறமும் நால்வர் மறுபுறமும் நின்ற தீர்ப்பு அது.

1999-இல் டிவோ என்னும் கருவி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது நாடாவின் இடத்தை ஹார்டு டிஸ்க் எடுத்துக்கொண்டது. நம் நாட்டில் 2008-இல் டாடா ஸ்கை நிறுவனம் ‘டாடா ஸ்கை பிளஸ்’ என்ற பெயரில் பதிவு வசதி கொண்ட செட்டாப் பாக்ஸை அறிமுகம் செய்தது. (அந்நிறுவனம் 2022-இல் டாடா பிளே எனப் பெயர் மாறியது.) பின்னர், பென் டிரைவைச் செருகினால் பதியும் எளிய பெட்டிகளும் கடைத்தெருவுக்கு வந்தன. வடிவம் எதுவாயினும் அடிப்படை ஒன்றே.

கருவி பதியும் விதம்

பழைய நாடாக் கருவி படத்தையும் ஒலியையும் காந்த அலைகளாக எழுதி வைத்தது. ஒவ்வொரு படியெடுப்பிலும் தெளிவு குறைந்தது. எண்முறைக் கருவியோ நிலையத்திலிருந்து சுருக்கப்பட்டு வரும் எண்களின் ஓட்டத்தை அப்படியே எழுதி வைக்கிறது. ஆகவே பதிவின் தெளிவு நேரடியாகப் பார்க்கும் படத்தின் தெளிவே.

எவ்வளவு இடம் வேண்டும் என்பதை எளிய கணக்கால் அறியலாம். நொடிக்கு 1 மெகாபிட் வீதம் வரும் ஓட்டம் ஒரு மணி நேரத்தில் 3,600 மெகாபிட் ஆகும். 8 பிட் ஒரு பைட் ஆதலால் இது 450 மெகாபைட். சாதாரணத் தெளிவில் நொடிக்கு 2 மெகாபிட் என்று கொண்டால் மணிக்கு 900 மெகாபைட் வேண்டும். உயர்தெளிவில் 8 மெகாபிட் என்று கொண்டால் மணிக்கு 3.6 ஜிகாபைட் வேண்டும். எனவே 500 ஜிகாபைட் கொண்ட டிஸ்கில் சாதாரணத் தெளிவில் ஏறத்தாழ 555 மணி நேரமும், உயர்தெளிவில் ஏறத்தாழ 138 மணி நேரமும் பதியலாம். பெட்டி ஒன்றே, நாம் தேர்ந்தெடுக்கும் தெளிவைப் பொறுத்து அதன் கொள்ளளவு நான்கில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது.

கருவியின் உறுப்புகளில் மூன்றினை நாம் மனத்தில் இருத்த வேண்டும். நேரம் காட்டும் கடிகாரம் ஒன்று. அலைவரிசையைப் பிடிக்கும் ட்யூனர் மற்றொன்று. எழுதி வைக்கும் இடமாகிய டிஸ்க் மூன்றாவது. முன்குறித்த பதிவு தவறிப்போனால் பெரும்பாலும் இம்மூன்றில் ஒன்றையே காரணமாகக் காணலாம். இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கடிகாரம்

எண்முறை ஒளிபரப்பில் படமும் ஒலியும் மட்டும் வருவதில்லை. நேரமும் நிகழ்ச்சிப் பட்டியலும் கூடவே வருகின்றன. அந்நேரம் உலகப் பொது நேரத்தில் அமைந்தது. இந்திய நேரத்தைப் பெற அதனுடன் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்ட வேண்டும். நிறுவனங்கள் தரும் பெட்டிகளில் இது முன்பே கூட்டப்பட்டிருக்கும். கடையில் வாங்கும் எளிய பெட்டிகளில் நாமே அமைக்க வேண்டியிருக்கலாம். அமைக்கத் தவறினால் மாலை 6.30 மணிக்குப் பெட்டியின் கடிகாரம் பிற்பகல் 1.00 மணி என்று காட்டும், 6.30-க்கு என்று நாம் குறித்த பதிவு நள்ளிரவு 12.00 மணிக்கே தொடங்கும். ஆதலின் புதுப்பெட்டி வாங்கியவர் முதலில் ரிமோட்டை எடுத்து, அதன் கடிகாரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

கடிகாரம் சரியாக இருந்தாலும் நிகழ்ச்சி சரியாக வரும் என்பதற்கு உறுதியில்லை. பட்டியல் என்பது நிலையத்தார் முன்கூட்டியே எழுதித் தரும் ஓர் அறிவிப்பு. கிரிக்கெட் ஆட்டம் நீண்டால், தலைவர் ஒருவர் மறைந்தால், புயல் எச்சரிக்கை வந்தால் அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் தள்ளிப்போகும். பட்டியலை நிலையத்தார் உடனே திருத்தினால் நல்ல கருவி தானும் திருத்திக்கொள்ளும். திருத்தாவிடில் கருவி பழைய நேரத்துக்கே பதியும். இதற்காகவே முன்னும் பின்னும் சில நிமிடங்களைக் கூட்டிப் பதியும் வசதி உண்டு. முன்னால் 5 நிமிடம், பின்னால் 10 நிமிடம் என்பது பொதுவாகப் போதும். நேரடி விளையாட்டுக்குப் பின்னால் வரும் நிகழ்ச்சியாயின் அரைமணி நேரம் கூட்டுவதே அறிவுடைமை.

ட்யூனர்

ஒரு ட்யூனர் ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைத்தான் பிடிக்கும் என்பதை விதியாகக் கொள்க. இரண்டு ட்யூனர் உள்ள பெட்டியில் ஒரே நேரத்தில் இரண்டைப் பதியலாம். அல்லது ஒன்றைப் பதிந்துகொண்டே வேறொன்றைப் பார்க்கலாம். மூன்றாவது ஆணை வந்தால் மோதல் ஏற்படும். சில கருவிகள் குறிக்கும்போதே எதை விடலாம் என்று நம்மைக் கேட்கும். சில கருவிகள் வரிசையில் கடைசியாக உள்ளதைத் தாமே விட்டுவிடும். வரிசையை நாம் அமைக்காதபோது, கடைசியாகக் குறித்ததே கடைசியில் நிற்கும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மே மாதத்தில் ஒருநாள் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி ஆலய விழாவை உள்ளூர்க் கேபிள் அலைவரிசை பிற்பகல் 2.00 முதல் 3.30 வரை நேரடியாக ஒளிபரப்புகிறது எனக் கொள்வோம். அன்றே வேறோர் அலைவரிசையில் 1959-இல் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படம் காலை 10.00 முதல் பிற்பகல் 2.00 வரை வருகிறது. கல்வி அலைவரிசையில் 1.00 முதல் 2.00 வரை ஒரு பாடம் உள்ளது. வீட்டுப் பெட்டிக்கு இரண்டு ட்யூனர்.

பட்டியலைப் பார்த்தால் மோதல் இருப்பதாகத் தோன்றாது. திரைப்படமும் பாடமும் 2.00 மணிக்கு முடிகின்றன, விழா 2.00 மணிக்குத் தொடங்குகிறது. ஆனால் முன்னும் பின்னும் கூட்டிய நிமிடங்கள் இங்கே குறுக்கிடுகின்றன. திரைப்படமும் பாடமும் 2.10 வரை நீள்கின்றன. விழாவின் பதிவு 1.55-க்கே தொடங்க வேண்டும். 1.55 முதல் 2.10 வரையிலான 15 நிமிடங்களுக்கு மூன்று ட்யூனர் தேவை; இருப்பவை இரண்டே. விழாவைக் கடைசியாகக் குறித்திருந்தால் அதன் தொடக்கம் போகும். சில கருவிகளில் விழா முழுவதுமே போகும்.

இங்கு எதை விடுவது? பெரும்பாலோர் தமக்கு மிகவும் பிடித்ததை முதலில் வைப்பர். அது தவறான அளவுகோல். திரைப்படம் பலமுறை வந்தது, இனியும் வரும். பாடம் அன்று மாலையே மறுபடி வரக்கூடும். விழாவின் நேரடி ஒளிபரப்போ ஒருமுறைதான் வரும். ஆகவே வரிசையில் முதலிடம் விழாவுக்கு. பாடத்தை அதன் மறு ஒளிபரப்பு நேரத்துக்கு மாற்றிவிட்டால் மூன்றும் கைக்கு வரும். எது மீண்டும் வராதோ அதற்கே முதலிடம் என்பதே பதிவுகளை ஆளும் கலையின் தலையாய விதி. விருப்பத்தின்படி வரிசை அமைப்பவர் சில வேளை அருமையானதை இழப்பர். இழப்பின்படி வரிசை அமைப்பவர் விருப்பமானதையும் பின்னொரு நாளில் பெறுவர்.

இடம்

தொடர்நிகழ்ச்சிகளுக்கு ஒருமுறை ஆணையிட்டால் எல்லாப் பகுதிகளையும் கருவி தானே பதியும். வசதியானது இது, ஆபத்தானதும் இதுவே. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு அரைமணி நேரம் வரும் தொடர் ஒன்றை உயர்தெளிவில் பதிவதாகக் கொள்வோம். ஒரு பகுதிக்கு 1.8 ஜிகாபைட், வாரத்துக்கு 10.8, ஆண்டின் 52 வாரங்களுக்கு 561.6 ஜிகாபைட். 500 ஜிகாபைட் டிஸ்கை ஒரே தொடர் ஓராண்டுக்குள் விழுங்கிவிடும்.

இடம் தீர்ந்தால் கருவி இரண்டில் ஒன்றைச் செய்யும். புதிய பதிவை மறுக்கும். அல்லது பழையதை அழிக்கும். பழையது என்று அது எண்ணுவது நாளின் கணக்கை மட்டுமே. சென்ற ஆண்டு பதிந்த அரிய நேர்காணலும், நேற்றைக்கு முந்திய நாள் பார்த்து முடித்த தொடரும் அதற்கு ஒன்றே. எனவே தொடர்களுக்கு ‘கடைசி ஐந்து பகுதிகள் போதும்’ என்று வரம்பு கட்டுக. அழியக்கூடாதவற்றைப் பூட்டி வைக்கும் வசதி இருப்பின் அதனைப் பயன்படுத்துக. வாரம் ஒருமுறை பட்டியலைப் பார்த்து, பார்த்து முடித்ததை நீக்குக. பென் டிரைவில் பதிவோர் மற்றொன்றையும் அறிதல் நலம். ஃபேட் 32 என்னும் அமைப்பில் ஒரு கோப்பு 4 ஜிகாபைட்டைத் தாண்டாது. மேற்கண்ட கணக்கின்படி உயர்தெளிவில் ஒரு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டியதும் கோப்பு பிளவுபடும். பிளக்கத் தெரியாத கருவியில் பதிவே நின்றுவிடும்.

மின்சாரமும் மழையும்

இரவில் படுக்கப் போகுமுன் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பது நம் வீடுகளில் நல்ல பழக்கமாகக் கருதப்படுகிறது. அணைத்த பெட்டி பதியாது. ரிமோட்டால் உறக்க நிலையில் வைத்த பெட்டியே நேரம் வந்ததும் விழித்துப் பதியும். பதிவு இருக்கும் நாளில் சுவிட்சைத் தொடலாகாது என்று வீட்டிலுள்ள பெரியவர்களிடம் சொல்லி வைப்பது, எந்த அமைப்பையும்விடப் பயன் தரும்.

டிஷ் வழியாக வீடுகளுக்கு வரும் ஒளிபரப்பு பெரும்பாலும் கே.யு. அலைவரிசைப் பட்டையில் வருவது. பெருமழையில் இவ்வலைகள் வலுவிழக்கும். நம் மாவட்டத்துக்கு மழை தருவது வடகிழக்குப் பருவம். அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் மறு ஒளிபரப்பு உள்ள நிகழ்ச்சிகளை இரண்டு முறை குறித்து வைப்பது நல்லது. ஒன்றில் இடைவெளி விழுந்தாலும் மற்றது துணை நிற்கும்.

கல்வியும் பதிவும்

இதுவரை கூறியவை பொழுதுபோக்கினர்க்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிடலாகாது. தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்டு 26 அன்று தொடங்கப் பெற்றது. அடுத்த ஆண்டே கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்புவாரியாக நேரம் வகுத்துப் பாடங்கள் ஒளிபரப்பாயின. அலைபேசியும் இணையமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் யூடியூபில் அப்பாடங்களைப் பின்னரும் பார்க்க முடிந்தது. அவை இல்லாத வீட்டில் தொலைக்காட்சி ஒன்றே ஆசிரியர். அந்த அரைமணி நேரத்தில் மின்சாரம் போனாலும், பெற்றோரோடு வேலைக்குப் போயிருந்தாலும், தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டிருந்தாலும் அப்பாடம் போனது போனதே. பதிவு வசதி உள்ள பெட்டி ஒன்றை அத்தகைய வீட்டில் முறையாகப் பயன்படுத்தியிருந்தால் வகுப்பறையின் கதவு இன்னும் சிறிது நேரம் திறந்திருக்கும்.

நடுவண் அரசு 2017-இல் தொடங்கிய ஸ்வயம் பிரபா இச்சிக்கலுக்கு வேறொரு விடை கண்டது. ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக 32 கல்வி அலைவரிசைகளுடன் தொடங்கிய அத்திட்டத்தில், நாள்தோறும் 4 மணி நேரம் புதிய பாடங்களை ஒளிபரப்பி, அதையே மேலும் 5 முறை திரும்ப ஒளிபரப்புவது என வகுத்தனர். ஆறு முறை நான்கு மணி நேரம். ஆக 24 மணி நேரம். மாணவர் தமக்கு வாய்ப்பான வேளையில் பார்த்துக்கொள்ளலாம் என்பது நோக்கம். மறு ஒளிபரப்பு நிலையத்தார் செய்யும் உதவி. முன்குறித்த பதிவு நாமே செய்துகொள்ளும் உதவி. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர்க்கு மோதல் என்பதே அரிதாகும்.

சட்டம் கூறுவது

நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப் பெற்றது. ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு அதன் 37-ஆம் பிரிவு தனி உரிமை தருகிறது. பதிபவர் தம் சொந்தப் பயனுக்காகவோ, உண்மையான கற்பித்தல் அல்லது ஆராய்ச்சிக்காகவோ பதிவது அவ்வுரிமையை மீறியதாகாது என்று 39-ஆம் பிரிவு விலக்களிக்கிறது. பதிந்ததைப் படியெடுத்து விற்பதும், கட்டணம் வாங்கிப் பலர்க்குக் காட்டுவதும் இவ்விலக்கினுள் அடங்கா. மாணவர்களும் ஆசிரியர்களும் இவ்வெல்லையை அறிந்து நடத்தல் வேண்டும்.

பதிவின் ஆயுள்

பதிந்துவிட்டோம், இனி என்றும் நிலைக்கும் என்று நம்புவது பிழை. கட்டணப் பெட்டிகளில் பதிவுகள் பூட்டிய வடிவில் இருக்கும். அப்பெட்டியிலன்றி வேறெதிலும் ஓடா. பல பெட்டிகளில் சந்தாவை நிறுத்தினால் பழைய பதிவுகளையும் பார்க்க இயலாது. பெட்டி பழுதாகி மாற்றினால் உள்ளே இருந்தவை பழைய பெட்டியோடு போய்விடும். டிஸ்கும் ஒரு நாள் தேய்ந்து போகும் பொருளே.

ஆகவே பாடமாயின் பார்த்தவுடன் குறிப்பெடுத்துக்கொள்க. ஊர் விழாவாயின் ஒளிபரப்பியவரிடமே முறையாகக் கேட்டுப் பிரதி பெற்று வைக்க முயல்க. பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801-இல் வீழ்ந்து மண்ணோடு மண்ணாக்கப்பட்டது. இன்று நாம் காணும் நினைவுக்கோட்டை 1974-இல் அமைந்தது. இடையில் ஒன்றே முக்கால் நூற்றாண்டுக்கு அப்போரின் கதையைக் காத்தவை வெறும் ஏடுகள் மட்டுமல்ல. பலர் வாயில் பலமுறை பாடப்பட்ட கதைப்பாடல்களும் காத்தன. ஒரே இடத்தில் வைத்த பொருள் எளிதில் அழியும். பல இடங்களில் வைத்தது நிலைக்கும்.

முடிவுரை

கடிகாரத்தைச் சரிபார்த்தல், முன்னும் பின்னும் நிமிடங்களைக் கூட்டுதல், ட்யூனர்களின் எண்ணிக்கையை அறிந்து குறித்தல், தொடர்களுக்கு வரம்பு கட்டுதல், சுவிட்சை அணைக்காதிருத்தல், வாரம் ஒருமுறை பட்டியலைத் துப்புரவு செய்தல் ஆகியன முன்குறித்த பதிவை ஆளும் நெறிகள். இவையனைத்துக்கும் மேலாக, மீண்டும் வராததற்கு முதலிடம் தருதல் வேண்டும்.

எது மீண்டும் வராது என்று கருவிக்குத் தெரியாது. உப்பளத்திலிருந்தும் கடலிலிருந்தும் களைத்துத் திரும்பும் பெற்றோருக்கு எது தேவை, தேர்வுக்குப் படிக்கும் தங்கைக்கு எது தேவை என்பதும் அதற்குத் தெரியாது. அதனை அறிந்து ரிமோட்டைக் கையில் எடுப்பவர் வீட்டில் ஒருவர் வேண்டும். கல்லூரியில் பயிலும் நாம் அந்த ஒருவராக இருத்தல் நம் கல்விக்கும் பெருமை, வீட்டுக்கும் பயன்.